வூட்ல சொல்லிட்டு வந்துட்டியா?

தண்ணி லாரியின் பின்சக்கரம் என் வலது முழங்கைக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. டயரின் சூடு தோலில் பட்டது. என் சைக்கிளின் ஹேண்டில்பார் தானாக இடப்பக்கம் ஒடிந்து, ஓரமாக நிறுத்தியிருந்த காரின் பின்னால் போய் முட்டுவதற்குள் காலை ஊன்றிவிட்டேன். லாரி முப்பதடி தள்ளி நின்றது. எனக்காக நிற்கவில்லை. முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ ஆளை இறக்கிக்கொண்டிருந்தது. இடப்பக்க ஜன்னலில் உட்கார்ந்திருந்த கிளீனர் பையன் தலையை வெளியே நீட்டி, திரும்பி என்னைப் பார்த்து, அவசரமே இல்லாமல் கேட்டான்.

“இன்னாக்கா, வூட்ல சொல்லிட்டு வந்துட்டியா?”

சென்னையில் வண்டி ஓட்டுகிறவர்களும் ரோட்டைக் கடக்கிறவர்களும் இந்தக் கேள்வியை ஒரு தடவையாவது வாங்கியிருப்பார்கள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: இன்றைக்குச் சாகப் போகிறாயே, வீட்டில் விடைபெற்றுக்கொண்டு வந்துவிட்டாயா என்று அர்த்தம். கோபம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் ‘சாவுகிராக்கி’யும் கூடவே வரும். நான் புதுக்கோட்டைக்காரி. எங்கள் பக்கத்து வசவில் அப்பன் பாட்டன் எல்லோரும் வந்து போவார்கள். அதைக் கேட்டு வளர்ந்தவளுக்குச் சென்னை வந்த புதிதில் இந்த வாக்கியம் பெரிய ரசனையாக இருந்தது. கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் ஒரு மனுஷனைப் பாடையில் ஏற்றிவிடுகிறார்களே என்று வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். அப்போது கேள்வி கேட்கப்பட்டது வேறு யாரையோ.

கிளம்பும்போது ‘போறேன்’ என்று நம் வீடுகளில் சொல்ல விடமாட்டார்கள். வாய் தவறினால் உள்ளேயிருந்து ஒரு குரல் திருத்தும்: “போறேன்னு சொல்லாத, போய்ட்டு வர்றேன்னு சொல்லு.” அந்தப் பையன் தெரியாமலே அந்த இடத்தில்தான் கையை வைத்தான். அன்று நான் இரண்டையுமே சொல்லாமல் வந்திருந்தேன். டிபன் பாக்ஸை முந்தைய நாள் ஸ்கூலிலேயே வைத்துவிட்டு வந்ததற்காக மகளோடு சண்டை. கதவை இழுத்துச் சாத்திவிட்டு இறங்கியவள்தான்.

2022-இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள், 17,884 சாவுகள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு அது. ஒரு நாளைக்கு 49 பேர். அந்த 49 பேரில் பெரும்பாலானவர்கள் காலையில் ‘போய்ட்டு வர்றேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருப்பார்கள்.

சாயங்காலம் நாலு மணி மீட்டிங்கில் யாரோ ஏதோ எக்ஸெல் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அந்தக் கிளீனருக்குப் பதில் தயாரித்துக்கொண்டிருந்தேன். ஏழாவதோ எட்டாவதோ வரைவு.

என் வழி இதுதான். ஆதம்பாக்கத்தில் வீடு, தரமணியில் ஆபீஸ். ஏழெட்டுக் கிலோமீட்டர் வரும், எனக்கு முப்பத்தைந்து நிமிடம். 2021 கடைசியில் ஆபீஸைத் திரும்பத் திறந்தபோது ஸ்கூட்டரை விட்டு சைக்கிளுக்கு மாறினேன். உடம்பு, பெட்ரோல் விலை, கொஞ்சம் வீம்பு எல்லாம் சேர்ந்த முடிவு. உள்வட்டச் சாலையில் பறக்கும் ரயில் தூண்களை ஒட்டிப் போக வேண்டும். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை ஐந்து கிலோமீட்டர் நீட்டிப்பு 2008-இல் தொடங்கியது. நடுவில் அரைக் கிலோமீட்டர் நிலத்துக்காக வருடக்கணக்கில் அந்தத் தூண்கள் சும்மா நின்றன. பிறகு விஜயநகர், அங்கே 2021-இல் திறந்த இரண்டடுக்கு மேம்பாலத்தின் அடிவயிறு. பாலம் மேலே போகிறவர்களுக்கு. சைக்கிள் கீழேதான். அதைத் தாண்டினால் தரமணி லிங்க் ரோடு, பேபி நகர், ஆபீஸ்.

“ஓரமா போக வேண்டியதுதானே?” என்று ஆபீஸில் கேட்காத ஆள் இல்லை. இந்த ஓரத்தைப் பற்றி நான் ஒரு அரை நாள் பேசுவேன்.

ரோட்டை நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும்தான் போடுவார்கள், மழைத்தண்ணீர் வடிய. ஆகவே ரோட்டில் இருக்கிற எல்லாமே கடைசியில் ஓரத்துக்குத்தான் வந்து சேரும். மணல், ஜல்லி, உடைந்த பீர் பாட்டில், இளநீர்க் கூடு, லாரியிலிருந்து சிந்திய சிமென்ட் கலவை. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் ரோடு ஒரு படி உயர்கிறது, பாதாளச் சாக்கடை மூடி பழைய உயரத்திலேயே கிடக்கிறது. அதனால் ஓரத்தில் ஐம்பதடிக்கு ஒரு குழி. மழைநீர் வடிகால் கம்பிகள் சில இடத்தில் போகிற திசைக்கு நேராகவே பதித்திருக்கும். கார் டயருக்கு அது ஒன்றுமே இல்லை, என் டயர் அதில் கச்சிதமாக இறங்கும். இதற்கெல்லாம் மேலே நிறுத்திவைத்த கார்கள். ஒரு கார்க் கதவு முழுசாகத் திறந்தால் ஒரு மீட்டர் வெளியே வரும். உள்ளே இருக்கிறவர் போனைப் பார்த்துக்கொண்டே திறப்பார். ஆகவே நின்றிருக்கிற கார்களிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளித்தான் நான் ஓட்ட வேண்டும். அப்படித் தள்ளி ஓட்டினால் பின்னால் வருகிறவர் கண்ணுக்கு நான் நடுரோட்டில் போகிறேன். வேண்டுமென்றே, திமிராக, அவருடைய ரோட்டில்.

அவர் ஹாரன் அடிப்பது இந்த ‘திமிரு’க்குத்தான். எத்தனை விதமான ஹாரன்! பல சுரத்தில் ஊளையிடும் ஹாரனை மோட்டார் வாகன விதிகள் (119-ஆம் விதி) தடை செய்கின்றன. தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் முதல் தடவை 1,000 ரூபாய், அடுத்த தடவை 2,000 என்று 2019 திருத்தச் சட்டம் சொல்கிறது. இந்த எண்களை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். பத்து டன் வண்டி காதுக்குப் பின்னால் அலறும்போது சட்டப்பிரிவு நினைவுக்கு வருவதில் ஓர் அற்பத் திருப்தி, அவ்வளவுதான்.

டவுன் பஸ்களோடு எனக்குப் பெரிய பகை கிடையாது. என்னை முந்தி, இடப்பக்கம் ஒடித்து, ஸ்டாப்பில் நிற்கும். நான் சுற்றிக்கொண்டு போவேன். அடுத்த ஸ்டாப்புக்குள் மறுபடி முந்தும். ஒரே பஸ்ஸோடு நாலு தடவை இந்த விளையாட்டு நடந்து, கடைசியில் டிரைவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்ட நாளும் உண்டு. ஆபத்து என்று நான் நினைப்பது, ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு மிதமான வேகத்தில், ஹாரன்கூட அடிக்காமல் மெதுவாக இடப்பக்கம் சாய்ந்துகொண்டே வருகிற சின்னக் கார்களைத்தான். அவர்கள் மேல் கோபம்கூட வருவதில்லை, முதுகுத்தண்டு சில்லிடுகிறது.

தண்ணி லாரிக்காரர்களின் அவசரம் எனக்குத் தெரியும். நடைக்கு இவ்வளவு என்று கூலி, நாளைக்கு எத்தனை நடை அடிக்கிறார்களோ அத்தனை காசு. இதைப் பெருந்தன்மையோடு யோசித்துக்கொண்டிருந்த ஒரு நாள்தான் எங்கள் அபார்ட்மென்ட் சம்ப்பில் தண்ணீர் தீர்ந்தது. எட்டு மணிக்கு வர வேண்டிய லாரி எட்டே முக்கால் ஆகியும் வரவில்லை. வாட்ஸ்அப் குழுவில் ‘ஏன் இன்னும் வரலை, வேற ஆளைப் பாருங்க’ என்று முதல் ஆளாகக் கத்தியது நான். அந்த லாரியும் ஏதோ ஒரு ரோட்டில் யாரோ ஒரு சைக்கிளை ஒரு சாண் தூரத்தில் உரசிக்கொண்டு வந்திருக்கலாம். இது புரிந்த பிறகும் கோபம் குறையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். புரிவது வேறு டிபார்ட்மென்ட்.

சரி, இந்தக் கோபம் என்னதான் செய்கிறது? ஒருவன் உரசிவிட்டுப் போனதும் நெஞ்சு திடுதிடுவென்று அடிக்கும், கை நடுங்கும், வாய் உலரும். அது உடம்பின் வேலை, அதன் மேல் எனக்குக் குறையில்லை. ரத்தத்தில் சேர்ந்த அட்ரினலின் பாதியாகக் குறைய இரண்டு மூன்று நிமிடம் போதும். பேபி நகரில் ஏறினால் அடுத்த சிக்னலுக்குள் இறங்கிவிட வேண்டியது. நாலு மணி மீட்டிங் வரைக்கும் ஓடிக்கொண்டிருந்ததை உடம்பின் கணக்கில் எழுத முடியாது. அதற்கு விறகு போட்டுக்கொண்டே இருந்தது நான்.

மத்தியானச் சாப்பாட்டில் தோழிகளிடம் சொல்வேன். அவர்கள் உச்சுக் கொட்டுவார்கள், நான் இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்வேன். ஒரு சாண் அரைச் சாண் ஆகும். பேசித் தீர்த்தால் பாரம் இறங்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். பிராட் புஷ்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 2002-இல் ஒரு சோதனை வெளியிட்டார். கோபமூட்டப்பட்டவர்களில் ஒரு பகுதியினரை, கோபமூட்டிய ஆளை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தச் சொன்னார். இன்னொரு பகுதியினரைச் சும்மா உட்கார வைத்தார். குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக மிஞ்சியது. எனக்குக் குத்துப்பை என் டிபன் கேரியரும் மூன்று தோழிகளும். அவர்களுக்கும் அலுத்துவிட்டது என்பது ஒருத்தி, “நீ பேசாம கேப் புக் பண்ணிக்கோயேன்” என்றபோது தெரிந்தது.

ஒருமுறை துரத்தியும் இருக்கிறேன். வெள்ளை மினி வேன் ஒன்று, அதன் இடப்பக்கக் கண்ணாடி என் தோள்பையில் பட்டு, ஆளே அரை வட்டம் திரும்பிவிட்டேன். அவன் நிற்காமல் போனான். நான் நின்று மிதித்தேன். என் வயதில் எழுந்து நின்று மிதிக்கக் கூடாது, முழங்கால் இரண்டு நாள் பேசும். இருந்தும் மிதித்தேன். விஜயநகர் சிக்னலில் மாட்டினான். வண்டிகளுக்கு நடுவே நுழைந்து டிரைவர் பக்கம் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். வழியெல்லாம் தயார் செய்த பேச்சு இருந்தது: ‘உனக்கும் அம்மா அக்கா இருப்பாங்கல்ல’ என்று தொடங்கி மூன்று பத்தி. கண்ணாடி இறங்கியது. இருபத்திரண்டு வயது இருக்கும், நெற்றியில் விபூதி.

“அக்கா, பின்கதவு திறந்திருக்கா?”

நான் வாயைத் திறப்பதற்குள் இறங்கிப் பின்னால் ஓடினான். கதவை இழுத்துப் பார்த்தான். திரும்பி ஓடி வந்து, “மூடித்தான்க்கா இருக்கு. ரொம்ப தேங்க்ஸ்க்கா” என்று ஏறி உட்கார்ந்தான். பச்சை விழுந்தது. பின்னால் இருக்கிற அத்தனை பேரும் என்னைப் பார்த்து ஹாரன் அடித்தார்கள்.

அவனுக்கு எதுவுமே தெரியாது. நான் அங்கே இருந்ததே தெரியாது. நான் அவனை அயோக்கியன் என்று வைத்து மூன்று பத்தி எழுதியிருக்கிறேன். அடுத்தவர் தப்புக்கு அவர் குணத்தையும் நம் தப்புக்கு நம் சூழ்நிலையையும் காரணம் காட்டுவதற்கு லீ ராஸ் என்ற உளவியலாளர் 1977-இல் ஒரு பெயர் வைத்தாராம். நம் ஊரில் மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று அதற்கு எத்தனையோ காலம் முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். ஆளில்லாத சிக்னலை நான் தாண்டினால் அவசரம், அவன் தாண்டினால் பொறுக்கித்தனம்.

ஆனால் எல்லாவற்றையும் இந்தக் கணக்கில் எழுத மாட்டேன். போன வருடம் இருட்டிய பிறகு அந்தத் தூண்களின் ஓரமாக வரும்போது ஒரு பைக் பின்னாலிருந்து வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவன் என் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தான். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே போனார்கள். விழவில்லை. அடுத்த இரண்டு நாள் சைக்கிளை எடுக்கவும் இல்லை. நம்பர் பாதிதான் தெரிந்தது. சொல்லப் போன இடத்தில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “ஏம்மா, வீட்ல ஸ்கூட்டி இல்லையா?” அந்தப் பையன்களைப் புரிந்துகொள்ள நான் முயலவில்லை, முயலவும் போவதில்லை. அந்தக் கோபத்தை ஆற்றிக்கொள்ளாமல் அப்படியே வைத்திருக்கிறேன். அதன் செலவில்தான் பின்விளக்கு இரண்டு வாங்கினேன், ஹேண்டிலில் ஒரு கண்ணாடி மாட்டினேன்.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. லாரி விஷயத்தை மட்டும் போனில் சொன்னேன்.

அம்மாவின் சைக்கிள் கதை எங்கள் வீட்டுப் புராணம். 1991, 92-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதைப் பிடிவாதமாக நடத்தினார். கீரனூர் பக்கத்து எங்கள் ஊரில் அம்மா வாடகை சைக்கிளில் பழகி, முட்டியெல்லாம் உரிந்து, பிறகு ஒரு பழைய ஜென்ட்ஸ் வண்டியை வாங்கினாள். லேடீஸ் வண்டி வேண்டாம் என்றுவிட்டாள். ஜென்ட்ஸ் வண்டியில்தான் பார் இருக்கும், பிள்ளையை உட்கார வைக்கலாம். பாரில் துண்டைச் சுற்றி என்னை உட்கார வைத்துக்கொண்டு சத்துணவுக் கூடத்துக்கு வேலைக்குப் போவாள். எனக்கு ஆறு வயது. போகிற வழியில் டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஆம்பிளைகள் சும்மா இருப்பார்களா? ‘வண்டி ஓடுதா, வண்டிய இவ தள்ளுறாளா?’ ‘ஏரோப்ளேன் எப்ப வாங்கப்போற?’ சிலது இங்கே எழுத முடியாது.

அம்மா ஒருநாள் சரியாக டீக்கடை முன்னால் இறங்கி, அதிகமாகப் பேசுகிற ஆளாகப் பார்த்து, “அண்ணே, பின்டயர்ல காத்து இருக்கான்னு கொஞ்சம் அமுக்கிப் பாருங்க” என்றாளாம். அவர் எழுந்து வந்து, குனிந்து, கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, “இருக்குத்தா” என்றாராம். அதற்குப் பிறகு அந்த மனுஷனால் கிண்டல் பண்ண முடியவில்லை. வாரம் ஒருமுறை வேறு வேறு ஆளைக் காற்றுப் பார்க்கச் சொல்லியே அந்த பெஞ்சைக் காலி பண்ணிவிட்டதாக அம்மா சொல்வாள். எனக்கு நினைவிருப்பது, பாரின் அதிர்வும் துண்டின் வேப்பெண்ணெய் வாசனையும்தான்.

“அந்தப் பயலையும் எறங்கி வந்து காத்துப் பாக்கச் சொல்ல வேண்டியதுதான?” என்றாள் போனில்.

“அம்மா, அவன் நாப்பதுல போறான்.”

கொஞ்ச நேரம் யோசித்தாள். “அப்ப கஷ்டந்தான்” என்றாள்.

அதை நான் பிறகு பல நாள் நினைத்துக்கொண்டேன். அம்மாவின் வைத்தியம் பலித்ததற்குக் காரணம் அந்த ஆள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், அடுத்த நாளும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். உள்வட்டச் சாலையில் என்னை உரசுகிறவரை நான் இரண்டாம் தடவை பார்ப்பதே இல்லை. வேகம் கூடினால் அடி பலமாகும் என்பது தெரிந்த கணக்கு. முப்பதில் வருகிற வண்டி அறுபதில் வந்தால் மோதும் சக்தி இரண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு. அதே வேகத்தில் பேச்சும் அறுந்துபோகிறது. காற்று இருக்கா பாருங்கண்ணே என்று சொல்ல ஆள் வேண்டும், ஆள் நிற்க வேண்டும்.

இப்போது சொல்லக் கூசுகிற விஷயம். லாரிக்காரப் பையன் கேட்டு மூன்று வாரம் இருக்கும். ஆதம்பாக்கத்துக்குள்ளேயே, சின்னத் தெரு. எனக்கு லேட். ஏற்கெனவே தெருமுனையில் ஓர் ஆட்டோ என்னை ஒடித்திருந்தது, உள்ளே கொதித்துக்கொண்டிருந்தேன். நிறுத்திவைத்த வேனுக்குப் பின்னாலிருந்து மஞ்சப்பையோடு ஒரு பெரியவர் தெருவில் இறங்கினார். இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். பின்சக்கரம் தேய்ந்துகொண்டே போய் அவர் வேட்டிக்கு அரையடியில் நின்றது. என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

“யோவ் பெருசு, வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?”

யோவ் என்றேன். எழுபத்தைந்து வயது ஆளை. சென்னைக்கு வந்து இத்தனை வருடத்தில் அந்த வாக்கியத்தை நான் சொன்னது அதுதான் முதல் தடவை, அதுவும் சுத்தமாக, பழகிய நாக்கு போல வந்தது.

அவர் என்னையும் சக்கரத்தையும் பார்த்தார். காதில் மெஷின். கேள்வியை மட்டும் கேட்டிருக்கிறார், அதன் உள்ளே இருந்ததைக் கேட்கவில்லை.

“சொல்லிட்டுத்தாம்மா வந்தேன்” என்றார். “கொத்தமல்லி விட்டுப்போச்சுன்னு அவதான் திருப்பி அனுப்பிச்சா.”

மஞ்சப்பையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டவும் செய்தார், அத்தாட்சி போல. நான் சைக்கிளை விட்டு இறங்கினேன். மன்னிப்புக் கேட்டேனா என்றுகூடச் சரியாக நினைவில்லை. ‘பாத்துப் போங்க’ என்று ஏதோ உளறினேன். அவர் தலையாட்டிவிட்டுக் கடை பக்கம் நடந்தார். நான் தெருமுனை வரை வண்டியைத் தள்ளிக்கொண்டே போனேன். ஆபீஸுக்கு இருபது நிமிடம் லேட்.

வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்பார்கள். அந்த வாய்க்காலில் என்ன ஓடுகிறது என்று அன்றைக்குப் பார்த்தேன். லாரி ஆட்டோவை விரட்டுகிறது, ஆட்டோ என்னை ஒடிக்கிறது, நான் கொத்தமல்லி வாங்க வந்த ஆளிடம் இறக்கி வைக்கிறேன். எனக்கு மேலே இருக்கிற எவனிடமும் என் கோபம் செல்லுபடியானதில்லை. மினி வேன் பையன் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டான். செல்லுபடியான ஒரே இடம் அந்தப் பெரியவர்.

அதற்குப் பிறகு சிலவற்றை மாற்றினேன். பெரிதாக ஒன்றுமில்லை. அரை மணி முன்னால் கிளம்புகிறேன். ஏழரைக்கு விஜயநகரைத் தாண்டிவிட்டால் அது வேறு ஊர். டீக்கடையும் பால் வண்டியும்தான் இருக்கும். காலைத் தூக்கத்தில் அரை மணி போனதுதான் இந்தச் சமாதானத்தின் மொத்த விலை, அது சின்ன விலை இல்லை என்பது ஸ்கூல் பிள்ளை வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும். ஓரத்தை ஒட்டி ஊர்ந்து, இடைவெளி கிடைத்த இடத்தில் உள்ளே நுழைந்து, மறுபடி வெளியே வந்து என்று வளைந்து வளைந்து ஓட்டுவதை விட்டுவிட்டேன். குறுகலான இடத்தில் லேனின் நடுவிலேயே நேராகப் போகிறேன், திரும்புவதற்கு முன்னால் கையை நன்றாக நீட்டுகிறேன். ஹாரன் கூடியிருக்கிறது, உரசல் குறைந்திருக்கிறது. ஹாரன் சத்தம்தானே. சத்தம் தோலைக் கிழிக்காது.

கோபத்துக்கு ஓர் எல்லை போட்டேன்: அடுத்த சிக்னல் வரைக்கும். யாராவது உரசினால் அந்த இடத்திலிருந்து அடுத்த சிக்னல் வரை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், வாய்விட்டே சொல்லலாம், அதுவும் சுத்தமான புதுக்கோட்டைத் தமிழில். முகக்கவசம் போட்டிருப்பதால் பக்கத்தில் போகிறவர்களுக்குத் தெரியாது. சிக்னலில் காலை ஊன்றியதும் முடிந்தது. பிறகு மத்தியானச் சாப்பாட்டில் அந்தப் பேச்சு கிடையாது. இது பத்தில் ஆறு நாள் வேலை செய்கிறது. மற்ற நாலு நாளில் சிக்னலைத் தாண்டியும் தொடர்கிறது, போன செவ்வாய்க்கிழமை லிஃப்டுக்குள்ளும் தொடர்ந்து, கூட இருந்த ஹெச்.ஆர். பெண் ‘யார்கிட்ட பேசுறீங்க?’ என்று கேட்கும்படி ஆயிற்று.

ஒரு பதிலும் கைவசம் வைத்திருக்கிறேன். அந்தப் பெரியவர் கொடுத்ததுதான். இனி எவனாவது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக் கேட்டால், “சொல்லிட்டுத்தான் தம்பி வந்தேன்” என்று சொல்ல வேண்டும். சத்தமாக, நிதானமாக, அந்த மஞ்சப்பை நிதானத்தோடு. பல தடவை ஒத்திகை பார்த்தாயிற்று.

மாதக்கணக்காகிறது. ஒருவரும் கேட்கவில்லை. உரசல் நின்றபாடில்லை. இப்போதெல்லாம் உரசுகிறவை பெரும்பாலும் ஏசி போட்ட வண்டிகள், கண்ணாடி ஏற்றியிருக்கிறது. முந்தாநாள் லிங்க் ரோட்டில் ஒரு பெரிய கார் என்னைத் தடுப்புச்சுவரோடு சேர்த்து அழுத்தப் பார்த்தது. சிக்னலில் அதன் பக்கத்தில் போய் நின்றேன். பதில் நாக்கு நுனியில் இருந்தது. உள்ளே ஏதோ பாட்டு அதிர்ந்துகொண்டிருந்தது, வெளியே எதுவும் கேட்கவில்லை. அந்தக் கிளீனர் பையன் என்னைச் சாகச் சொல்லியாவது பேசினான், அக்கா என்றும் கூப்பிட்டான். இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பெரியவர் கதையை வீட்டில் சொல்லியிருந்தேன், நான் ‘யோவ்’ சொன்னதை மட்டும் விட்டுவிட்டு. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். இப்போது தினமும் காலையில் நான் ஹெல்மெட்டை மாட்டும் சத்தம் கேட்டதும் பாத்ரூமுக்குள்ளிருந்து கத்துகிறாள்.

“அம்மா! வீட்ல சொல்லிட்டியா?”

“பல்லைத் தேய்டி” என்கிறேன். அப்புறம் படியில் சைக்கிளை இறக்கும்போது, “சொல்லிட்டேன், சொல்லிட்டேன், போய்ட்டு வர்றேன்.”